கட்டத்துக்குள் அடங்காத எழுத்து

அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 1978ஆம் ஆண்டு ஜனவரி மாதம் பெரும் பனிப்புயல் வீசியது. வெளியே செல்ல வழியின்றி வீட்டில் அடைபட்டிருந்த வார்ட் கிறிஸ்டென்சன் என்ற கணினி ஆர்வலர், தமது நண்பர் ரண்டி சூயஸுடன் சேர்ந்து ஒரு புதிய ஏற்பாட்டைச் செய்ய முனைந்தார். அவர்கள் இருந்த கணினிக் கழகத்தின் உறுப்பினர் எவரும் தொலைபேசி வழியாக ஒரு கணினியை அழைத்து, அதில் தமது செய்தியை விட்டுச் செல்லலாம். பிறர் விட்டுச் சென்ற செய்தியைப் படிக்கலாம். கழக மண்டபத்துச் சுவரில் தொங்கும் அறிவித்தல் பலகையைக் கணினிக்குள் கொண்டுவந்து வைத்தாற்போன்ற ஏற்பாடு அது. 1978 பெப்ரவரி 16ஆம் திகதி அது இயங்கத் தொடங்கியது. உலகின் முதலாவது கணினி அறிவித்தல் பலகை என்று வரலாறு அதனைக் குறித்துக்கொண்டது.

அந்தப் பலகைகளின் வரலாற்றில் ஒரு சிறு பகுதியையே இங்கு எழுத விரும்புகிறேன். எழுத்துகளைக் கொண்டு படம் வரைவதற்காக அந்தப் பலகைகளுக்கென உருவான மென்பொருளைப் பற்றியது அது. எழுத்தோவியத் தொகுப்பி என்று அதனைத் தமிழில் அழைக்கலாம். கொழும்பில் இருந்துகொண்டு தமிழ் வாசகருக்கு இதை ஏன் எழுத வேண்டும் என்ற கேள்வி எழலாம். ஓர் எழுத்து எவ்வளவு இடம் கொள்ளும் என்ற மிக எளிய கணக்கில்தான் அந்த மென்பொருள் நிற்கிறது. அந்தக் கணக்கு தமிழுக்கு இன்றுவரை சரியாகப் போடப்படவில்லை. பொழுதுபோக்கான படங்களோடு நின்றுவிடாமல், நமது பெயர்கள், படிவங்கள், குறுஞ்செய்திகள் வரை அதன் விளைவு நீண்டிருக்கிறது.

எண்பது பத்தியும் இருபத்தைந்து வரியும்

1981 ஆகஸ்ட் மாதம் ஐ.பி.எம். நிறுவனம் தனது தனிநபர் கணினியை வெளியிட்டது. அதன் எழுத்துத் திரை குறுக்கே 80 பத்திகளும் நெடுக்கே 25 வரிகளும் கொண்டது. மொத்தம் 2,000 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எழுத்து; அந்த எழுத்துக்கு ஒரு நிறம், பின்னணிக்கு ஒரு நிறம். எழுத்துக்கு ஒரு பைட், நிறங்களுக்கு ஒரு பைட் எனக் கட்டமொன்றுக்கு 2 பைட்டுகள். முழுத் திரையும் 4,000 பைட்டுகளில் அடங்கிவிடும்.

ஆஸ்கி என்ற பழைய நியமம் 128 குறிகளை மட்டுமே வரையறுத்தது. ஐ.பி.எம். அதனை 256 ஆக விரித்தது. கூடுதலாகக் கிடைத்த இடங்களில் ஐரோப்பிய மொழிகளின் எழுத்துகளும் கணிதக் குறிகளும் சென்று அமர்ந்தன. அவற்றோடு, 176 முதல் 223 வரையான இடங்களில் புள்ளி நிரவிய சதுரங்களும், ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடு, மூலைத் துண்டுகளும், முழுதாகவும் பாதியாகவும் நிரம்பிய கட்டைகளும் வைக்கப்பட்டன. பட்டியல்களுக்குக் கட்டம் போடுவதற்கு உதவும் இந்தத் துண்டுகளைக் கொண்டு இளைஞர்கள் சித்திரம் வரையத் தொடங்கினார்கள்.

அக்காலத் தொலைபேசி மொடெம் விநாடிக்கு 300 பிட்டுகளையே அனுப்பும். அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 30 எழுத்துகள். 2,000 கட்டங்களை நிரப்ப ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். வேகம் 2,400 ஆக உயர்ந்த பின்னரும் 8 விநாடிக்கு மேல் பிடித்தது. ஒளிப்படங்களை அனுப்புவது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். ஆகவே ஒவ்வொரு பலகையின் முகப்பிலும் எழுத்துகளால் ஆன ஓவியமே வாசற்கோலமாக விளங்கிற்று.

அந்த ஓவியங்களை வரைவதற்காக எழுந்த தொகுப்பிகளில் புகழ்பெற்றது, அயன் டேவிஸ் என்பவர் 1986இல் வெளியிட்ட 'தி டிரோ'. செயல் விசையை அழுத்தினால் கோட்டுத் துண்டு விழும், அம்பு விசையால் எந்தக் கட்டத்துக்கும் நகரலாம், நிறம் மாற்றலாம், ஒரு பகுதியை வெட்டி வேறிடத்தில் ஒட்டலாம். முடித்த படத்தை, நிறத்தையும் இடத்தையும் குறிக்கும் கட்டளைகளுடன் கோப்பாகச் சேமிக்கலாம். அந்தக் கோப்பைப் பெறும் திரை, கட்டளைகளைப் படித்துப் படத்தை மீண்டும் வரைந்துகொள்ளும்.

இத்தகைய தொகுப்பியைச் சோதிப்பவர்கள் பார்த்த குறைகள் பெரும்பாலும் ஒரே வகையானவை. வரியின் 80ஆவது கட்டத்தில் ஓர் எழுத்தை வைத்தவுடன் சில திரைகள் தாமாகவே அடுத்த வரிக்குப் போய்விடும். சில திரைகள் அடுத்த எழுத்து வரும்வரை காத்திருக்கும். முதல் வகைத் திரையில், தொகுப்பி தானும் ஒரு வரிமாற்றத்தை அனுப்பினால், படத்தின் ஒவ்வொரு வரிக்கும் இடையில் ஒரு வெற்று வரி வந்து படம் இரட்டிப்பு உயரமாகிவிடும். இன்னொன்று, 80 பத்திக்காக வரைந்ததை வேறு அகலத்தில் திறந்தால் கோடுகள் எல்லாம் கலைந்துவிடும். இதற்கு மருந்தாக 1994இல் எழுத்தோவியக் குழுவொன்றைச் சேர்ந்தவர்கள், ஒவ்வொரு கோப்பின் இறுதியிலும் 128 பைட் நீளமான ஒரு குறிப்பைச் சேர்க்கும் முறையை வகுத்தனர். தலைப்பு, வரைந்தவர், திகதி ஆகியவற்றுடன் படத்தின் அகலமும் அதில் பதிவாகும். 'சோஸ்' என்பது அதன் பெயர்.

இந்தக் குறைகள் அனைத்தையும் தாங்கி நின்ற அடிப்படை நம்பிக்கை ஒன்று உண்டு. ஒரு பைட் என்றால் ஓர் எழுத்து. ஓர் எழுத்து என்றால் ஒரு கட்டம். ஆங்கிலத்துக்கு இந்த மூன்றும் ஒன்றே. ஆகவே அதைச் சோதிக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

நமது கட்டங்கள்

எழுத்தைக் கட்டத்தில் நிறுத்திப் படம் காட்டும் கலை தமிழுக்குப் புதிதன்று. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தண்டியலங்காரம், சொல்லணியியலில் கோமூத்திரி, மாலைமாற்று, நாகபந்தம், சக்கரம், சுழிகுளம், சருப்பதோபத்திரம் முதலிய மிறைக்கவிகளுக்கு இலக்கணம் சொல்கிறது. 16ஆம் நூற்றாண்டின் மாறனலங்காரம் அந்தப் பட்டியலை மேலும் விரித்தது. 1929இல் மறைந்த பாம்பன் சுவாமிகள் வேல் வடிவில் அமைத்த சஸ்திர பந்தம் இன்றும் முருக பக்தர்களின் பூசையறைகளில் இருக்கிறது. கொழும்பு வீடுகளிலும் நான் அதனைக் கண்டிருக்கிறேன்.

வெள்ளவத்தையில் 57ஆவது ஒழுங்கையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942இல் தொடங்கப்பட்டது. அதன் நூலகத்தில் தண்டியலங்கார உரையைப் புரட்டும்போதெல்லாம் சருப்பதோபத்திரத்தின் சித்திரம் என்னை நிறுத்தி வைக்கும். அடிக்கு 8 எழுத்தாக நான்கு அடிகள். அவற்றை மேலிருந்து கீழாக ஒரு முறையும், கீழிருந்து மேலாக ஒரு முறையும் எழுதினால் எட்டுக்கு எட்டு, 64 கட்டங்கள் நிரம்பும். இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என எவ்வாறு படித்தாலும் அதே செய்யுள் வரும். 64 கட்டங்களில் ஒன்று பிசகினாலும் முழுக் கட்டுமானமும் சரிந்துவிடும்.

அந்த உரைநூல்களில் எழுத்து என்பதற்கு ஐயமே இல்லை. 'கா' ஓர் எழுத்து. 'நீ' ஓர் எழுத்து. 'கொ' ஓர் எழுத்து. கையால் எழுதும்போது 'கொ'வுக்கு மூன்று வடிவங்கள் தேவைப்படுகின்றன என்பதற்காக எந்தப் புலவரும் அதை மூன்று கட்டங்களில் பிரித்து வைத்ததில்லை. வடிவம் அகன்றதாயின் கட்டத்துக்குள் நெருக்கி எழுதினார்கள். கட்டம் எழுத்துக்காக இருந்தது. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என்று 247 எழுத்துகளையும் எண்ணிவைத்த இலக்கணம் அதற்குப் பின்னால் இருந்தது.

ஈயமும் தட்டச்சும்

இயந்திரம் வந்தபோதுதான் சிக்கல் தொடங்கிற்று. கொழும்பில் 1930இல் வீரகேசரியும் 1932இல் தினகரனும் தோன்றின. பெரிய நாளேடுகளுக்கு அப்பால், கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, செட்டியார் தெருப் பகுதிகளில் கல்யாண அழைப்பிதழ், கோயில் விஞ்ஞாபனம், மரண அறிவித்தல் ஆகியவற்றை அச்சிடும் சிறு அச்சகங்கள் பல இருந்தன. நான் பத்திரிகைத் தொழிலில் காலடி வைத்த நாட்களில் அச்சுக்கோப்பாளர்களின் விரல்களை வியந்து பார்த்தவன். கொம்பு ஓர் அறையில், 'க' ஓர் அறையில், அரவு ஓர் அறையில் கிடக்கும். மூன்றையும் பொறுக்கி அடுக்கினால் 'கொ' வரும். வரியின் அகலத்தை அவர்கள் எழுத்தை எண்ணி நிரப்பவில்லை. ஈயத் துண்டுகளை அடுக்கி, மிஞ்சிய இடத்தில் வெற்றுத் துண்டுகளைச் செருகி வரியை இறுக்கினார்கள். அழைப்பிதழின் விளிம்புக்குப் பூவேலைத் துண்டுகள் தனியாக இருந்தன. அவற்றைக் கொண்டு கோபுரமும் குத்துவிளக்கும் அமைத்துக் காட்டிய கைகாரர்களும் இருந்தார்கள். ஆனால் நாகபந்தம், தேர்ப்பந்தம் போன்றவை வந்தால் அவர்களும் கையை விரித்து, சித்திரக்காரரிடம் வரைவித்துப் புளொக் செய்துவரச் சொல்வார்கள்.

தட்டச்சுப்பொறி இன்னும் கடுமையான இயந்திரம். ஒரு விசையைத் தட்டினால் காகிதம் எப்போதும் ஒரே அளவு நகரும். யாழ்ப்பாணம் சுண்டிக்குளியைச் சேர்ந்த ஆர். முத்தையா, மலாயா, சிங்கப்பூர்ப் பகுதிகளில் வாழ்ந்த காலத்தில் தமிழ்த் தட்டச்சுப்பொறிக்கு விசைப்பலகை அமைத்தவர். ஆங்கிலப் பொறியில் இருக்கும் அளவான விசைகளுக்குள் 247 எழுத்துகளையும் அடக்குவது அவர் எதிர்கொண்ட பிரச்சினை. புள்ளி போன்ற மேற்குறிகளைத் தட்டும்போது காகிதம் நகராமல் நிற்க வேண்டும்; கொம்பும் அரவும் தட்டும்போது நகர வேண்டும். அதாவது, தமிழ் எழுத்தின் எந்த உறுப்பு இடம் கொள்ளும், எது கொள்ளாது என்ற முதலாவது இயந்திரத் தீர்ப்பு தட்டச்சுப்பொறியில்தான் வழங்கப்பட்டது. ஆங்கிலத் தட்டச்சில் பட்டாம்பூச்சிகளும் மலர்களும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வரையப்பட்டன. தமிழ்த் தட்டச்சில் அத்தகைய படம் வரைய முயன்றவர், எழுத்துக்கு எழுத்து மாறும் அகலத்தோடு மல்லாட வேண்டியிருந்தது.

நாம் இல்லாத பலகை

கணினி அறிவித்தல் பலகைகள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெருகிய ஆண்டுகள், இலங்கைத் தமிழருக்கு வேறு ஆண்டுகள். ஐ.பி.எம். கணினி வெளிவந்த அதே 1981இல்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அதன் பின்னர் பல்லாயிரக்கணக்கானோர் ரொறன்ரோ, இலண்டன், பாரிஸ் எனச் சிதறினர். அவர்களுள் கணினி அறிந்த இளைஞர்கள் வலையமைப்புகள் வழியாக ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்தபோது, பேசிய மொழி தமிழாகவும் எழுதிய எழுத்து ஆங்கிலமாகவும் இருந்தது. திரைக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்பதே அதற்குக் காரணம்.

இலங்கையில் வணிக அடிப்படையிலான இணையச் சேவை 1995இல் தொடங்கியது. அக்காலத்தில் வெள்ளவத்தை காலி வீதியின் இருமருங்கிலும் கணினி அச்சுக்கோப்பு நிலையங்கள் தோன்றின. அவற்றில் ஆட்சி செய்தது பாமினி எழுத்துரு. அது ஆங்கில விசைகளின் குறிகளுக்குத் தமிழ் வடிவத்தை அணிவிக்கும் உபாயம். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தோன்றும். இன்னொரு பக்கத்தில், இணையத்தில் தமிழர்கள் கூடி வகுத்த டிஸ்கி, 1999 சென்னை மாநாட்டின் வழி வந்த டாம், டாப் ஆகிய குறியீட்டு முறைகள் இருந்தன. டிஸ்கி போன்றவை ஆங்கிலத்தைக் கீழ்ப்பாதியில் விட்டுவிட்டு, தமிழை 128க்கு மேற்பட்ட இடங்களில் குடியேற்றின.

இங்கே ஒரு மோதலை வாசகர்கள் கவனிக்கலாம். ஐ.பி.எம். கணினியின் கோட்டுத் துண்டுகளும் கட்டைகளும் இருந்ததும் அதே மேற்பாதியில்தான். 256 இடங்களுக்குள் தமிழை வைத்தால் கோட்டுக்கு இடமில்லை; கோட்டை வைத்தால் தமிழுக்கு இடமில்லை. தமிழ் எழுத்தையும் அதைச் சுற்றிய கட்டத்தையும் ஒரே திரையில் ஒரே எழுத்துருவால் வரைய முடியாத நிலை. சருப்பதோபத்திரத்தின் 64 கட்டங்கள் அந்தத் திரையில் ஏற வழியே இருக்கவில்லை.

சீன மொழிக்கும் இதே காலத்தில் இதே தடை இருந்தது, அவர்கள் தாண்டிவிட்டார்கள். தேசிய தாய்வான் பல்கலைக்கழக மாணவர்கள் 1995இல் தொடங்கிய பி.டி.டி. என்ற அறிவித்தல் பலகை, எழுத்துத் திரையிலேயே வளர்ந்து தாய்வானின் மாபெரும் பொதுமன்றமாயிற்று. அங்கே ஒரு சீன எழுத்து 2 பைட். திரையில் சரியாக 2 கட்டம். எல்லா எழுத்துக்கும் இதே கணக்கு. ஆகவே 80 பத்திகளில் 40 சீன எழுத்துகள் சீராக நின்றன. இரண்டு பைட்டுகளுக்கும் இடையில் நிறக் கட்டளையைச் செருகி, ஒரே எழுத்தின் இடப்பாதியை ஒரு நிறத்திலும் வலப்பாதியை வேறு நிறத்திலும் காட்டும் வித்தையைக்கூட அவர்கள் கண்டுபிடித்தார்கள். ஆயிரக்கணக்கான எழுத்துகள் கொண்ட மொழி வென்ற இடத்தில் 247 எழுத்துகள் கொண்ட மொழி தோற்றது. எண்ணிக்கை அதற்குக் காரணமல்ல. அவர்களுக்கு 'ஓர் எழுத்துக்கு இரண்டு கட்டம்' என்ற ஒரு விதி இருந்தது. நமக்கு அப்படி எந்த விதியையும் எவரும் வகுத்துத் தரவில்லை.

வில், புலி, மீன்

யுனிகோட் வந்த பிறகு இடப்பஞ்சம் தீர்ந்தது. தமிழும் கோட்டுத் துண்டுகளும் ஒரே கோப்பில் சண்டையின்றி வாழ்கின்றன. ஆனால் கணக்கு தீரவில்லை. மூவேந்தரின் சின்னங்களைக் கொண்டே இதைக் காட்டலாம். புலி, வில், மீன் ஆகிய மூன்றும் இரண்டு எழுத்துச் சொற்கள். யுனிகோட் கணக்கில் மூன்றுக்கும் நான்கு நான்கு குறிகள். அவற்றைச் சேமிக்கும் வழக்கமான முறையில் மூன்றுக்கும் 12 பைட்டுகள். இதுவரை ஒற்றுமை.

திரையில் எத்தனை கட்டம் என்று கேட்டால் ஒற்றுமை குலைகிறது. எழுத்துத் திரை மென்பொருள்கள் நெடுங்காலம் பின்பற்றிய கணக்கில், யுனிகோட் 'இடம் கொள்ளாத குறி' என்று வகைப்படுத்தியவற்றுக்கு மட்டுமே சுழியம், ஏனையவற்றுக்கு ஒன்று. புள்ளி இடம் கொள்ளாத குறி. 'ஈ' காரக் குறியும் அவ்வாறே. ஆனால் 'இ' கரக் குறியும் 'உ' கரக் குறியும் இடம் கொள்ளும் குறிகளாக வகைப்படுத்தப்பட்டுள்ளன. ஆகவே 'கீ' ஒரு கட்டம், 'கி' இரண்டு கட்டம் என்ற வேடிக்கை நிகழ்கிறது. அதன்படி புலிக்கு 4 கட்டம், வில்லுக்கு 3 கட்டம், மீனுக்கு 2 கட்டம். தமிழ் அறிந்த சிறுவன் எவனும் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளமாட்டான்.

வெள்ளவத்தையில் வசிக்கும் மென்பொருள் துறை இளைஞர் ஒருவர், பழைய அறிவித்தல் பலகை மென்பொருள்களை இயக்கிப் பார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர். அத்தகைய பலகை ஒன்றுக்குத் தாமே எழுதிய எழுத்தோவியத் தொகுப்பியைத் தமிழுக்கு ஏற்றதாக்க முயன்றபோது, "ஐயா, சோதிக்கிறதுக்குச் சொற்கள் தாருங்கோ" என்று கேட்டார். இந்த மூன்று சொற்களையே கொடுத்தேன். ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, சுற்றிலும் கட்டம் போடச் சொன்னேன். தொகுப்பி குறிகளை எண்ணி ஒவ்வொரு சொல்லுக்கும் 4 கட்டம் ஒதுக்கியது. திரையோ 4, 3, 2 என்று நகர்ந்தது. வலப்பக்கத்துச் செங்குத்துக் கோடு நேராக நிற்காமல் படிக்கட்டுப் போல் இறங்கி வந்தது. 64 கட்டச் செய்யுளை எழுதிப் பார்த்தபோது, ஈகார எழுத்து வந்த வரிகளில் எல்லாம் கோடு இடப்பக்கம் சரிந்தது.

அடுத்து வந்த சில ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் செய்த திருத்தங்களைக் குறித்து வைக்கிறேன்; இத்துறையில் இறங்குவோர்க்குப் பயன்படும்.

முதலாவதாக, தொகுப்பியின் ஒவ்வொரு கட்டமும் ஒரு குறியை வைத்திருந்த நிலையை மாற்றி, ஒரு முழு எழுத்தை வைத்திருக்கச் செய்தார். எங்கே ஓர் எழுத்து முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதற்கு யுனிகோட் நியமத்திலேயே விதிகள் உண்டு. அந்த விதிப்படி 'பு' ஒன்று, 'கொ' ஒன்று, 'ன்' ஒன்று. நமது இலக்கணத்தோடு அது ஒத்துப்போகிறது. 'ஸ்ரீ', 'க்ஷ' ஆகியவற்றை அந்த விதி இரண்டாகப் பிரிக்கும். கோயில் அறிவித்தல்கள் 'ஸ்ரீ' இல்லாமல் தொடங்குவதில்லை என்பதால் அவற்றுக்குத் தனி விலக்கு எழுத வேண்டியிருந்தது.

இரண்டாவதாக, தமிழ் எழுத்து எதுவாயினும் 4 பத்தி அகலம் என்று ஒரு விதியை வகுத்துக்கொண்டார். 'ணௌ' போன்ற அகன்ற எழுத்தும் அதற்குள் நெருக்கமின்றி நிற்கும். 80 பத்தித் திரையில் வரிக்கு 20 எழுத்துகள். எட்டு எழுத்தும் ஒன்பது செங்குத்துக் கோடுகளும் கொண்ட சருப்பதோபத்திரத்துக்கு 41 பத்திகளே போதும். சீனர்களுக்கு இரண்டு என்றால் நமக்கு நான்கு. விதி பெரிதாக இருப்பதில் நட்டமில்லை. விதி இல்லாதிருப்பதே நட்டம்.

மூன்றாவது திருத்தம்தான் கோட்டை நிமிர்த்தியது. ஓர் எழுத்தை அனுப்பிய பின் திரை எத்தனை கட்டம் நகர்ந்தது என்று நம்பாமல், "இன்ன வரி, இன்ன பத்திக்குப் போ" என்ற இடக் கட்டளையை ஒவ்வோர் எழுத்துக்குப் பின்னும் அனுப்பச் செய்தார். அந்தக் கட்டளை 1970களிலிருந்தே திரைகளுக்குத் தெரிந்த ஒன்று. 300 பிட் மொடெம் காலத்தில் எழுத்துக்கு எழுத்து இவ்வளவு கூடுதல் பைட்டுகளை அனுப்புவது கட்டுபடியாகியிருக்காது. இன்றைய வேகத்தில் அது ஒரு செலவே அல்ல. திரையின் கணக்கு எதுவாயினும் கோடு நேராக நின்றது.

நான்காவது, அழிக்கும் விசை. 'கொ' நிற்கும் கட்டத்தில் அதை அழுத்தினால் முழு எழுத்தும் போகவேண்டுமா, ஒகரக் குறி மட்டும் போய் 'க' நிற்க வேண்டுமா? கட்டுரை எழுதுபவருக்கு இரண்டாவது வசதியானது. கட்டம் நிரப்புபவருக்கு முதலாவதே பொருந்தும் என்று நான் வாதாடினேன், அவ்வாறே வைத்தார். ஐந்தாவதாக, 'சோஸ்' குறிப்பைப் போலக் கோப்பின் இறுதியில் எழுத்தின் அகலத்தையும் பதியச் செய்தார். இல்லாவிடில் வேறொருவர் திறக்கும்போது மீண்டும் பழைய கலைப்பு.

நாகபந்தத்தில் மட்டும் இன்னும் வேலை இருக்கிறது. பாம்புகளின் உடல் ஒன்றையொன்று வெட்டும் கட்டத்தில் உள்ள எழுத்து இரண்டு பாடல்களுக்கும் பொது. படம் அதைக் காட்டும். எந்த வழியாகப் படிக்க வேண்டும் என்பதைக் கோப்பு சொல்லாது. படிக்கும் வழியைத் தனிப் பட்டியலாகக் கோப்பில் சேர்ப்பதே அதற்குத் தீர்வாகும்.

படத்துக்கு அப்பால்

ஓய்வு நேர விளையாட்டுக்கு இவ்வளவு பாடா என்று கேட்பவர்களுக்கு இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன். கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் 160 எழுத்து. தமிழில் 70 குறி. எழுத்தல்ல, குறி. 'வில்' என்று இரண்டு எழுத்து எழுதினால் நான்கு கழிந்துவிடும். ஒரே சேதியைத் தமிழில் அனுப்புபவர் இரண்டு, மூன்று செய்திகளுக்குரிய இடத்தைச் செலவிடுகிறார்.

மற்றையது பெயர். கிருஷ்ணமூர்த்தி என்ற பெயருக்கு 8 எழுத்து, 15 குறி, 45 பைட். பெயருக்கு 30 இடம் ஒதுக்கியிருக்கிறோம் என்று ஒரு மென்பொருள் சொல்லும்போது, அது எதை எண்ணுகிறது என்பதைப் பொறுத்தே அந்த மனிதரின் பெயர் முழுதாக நிற்பதும் நடுவில் அறுபடுவதும் அமைகிறது. பைட்டை எண்ணும் மென்பொருளாயின் 'கிருஷ்ணமூ' என்பதற்கு அப்பால், வெறும் 'ர'வில் புள்ளியின்றி அறுந்துவிடும். இலங்கையில் தமிழ் அரசகரும மொழியாகவும் இருக்கும் என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதப்பட்டது. படிவத்தில் பெயர் முழுதாக விழாத வரை அந்த ஏற்பாடு கணினிக்குள் நுழையவில்லை என்றே பொருள்.

தமிழ்நாட்டு அரசு 2010இல் யுனிகோடோடு சேர்த்து ஏற்றுக்கொண்ட டேஸ் 16 என்ற முறை, ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஒரு தனிக் குறி தந்தது. அதன் கருத்து நியாயமானது. உலகக் கணினிகள் அதைப் பின்பற்றவில்லை. ஆகவே குறியீட்டை மாற்றக் காத்திராமல், அதன்மேல் நிற்கும் மென்பொருளைத் திருத்துவதே நமக்கு எஞ்சிய வழி. அது செய்யக்கூடிய காரியம்தான் என்பதை வெள்ளவத்தை இளைஞரின் சில ஞாயிற்றுக்கிழமைகள் காட்டிவிட்டன.

புலம்பெயர்ந்த நாடுகளிலும் தாயகத்திலும் மென்பொருள் எழுதும் தமிழ் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கட்டம், அகலம், எழுத்து எண்ணிக்கை ஆகியவற்றைத் தொடும் எந்த மென்பொருளை எழுதினாலும், வெளியிடுவதற்கு முன் புலி, வில், மீன் என்று மூன்று வரி எழுதிச் சுற்றிலும் ஒரு பெட்டி போட்டுப் பாருங்கள். வலப்பக்கக் கோடு நேராக நின்றால் உங்கள் வேலை முடிந்தது. படிக்கட்டாக இறங்கினால், ஓர் எழுத்தை எப்படி எண்ணுவது என்று உங்கள் மென்பொருளுக்கு நீங்கள் இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று பொருள்.